மெருகு குலைந்த கறுப்புப் பீரோ

மணவிழா நிறைவேறிய இல்லத்தில் வாழைமரமும் தோரணமும் வாடிக் கிடப்பது இயல்பு. சென்ற தை மாதத்தின் இறுதியில், காரைக்குடியை அடுத்த சிற்றூர் ஒன்றில் நாம் சென்று கண்ட செட்டிநாட்டு வீட்டில் அவ்வீட்டுப் பெரிய ஆச்சியின் முகமும் வாடியிருந்தது. பட்டாசாலையின் சுவரோரம் நின்ற ஆளுயரக் கறுப்புப் பீரோவை அவர் கைகாட்டினார்.

நம்மை அவ்வீட்டிற்கு அழைத்துச் சென்றவர், மர மெருகுத் தொழிலில் நாற்பது ஆண்டுகள் பழகிய ஆசாரியார் ஒருவர். நம் கோவிலின் திருவுடை அலமாரியைப் பழுதுபார்த்துக் கொடுத்தவரும் அவரே. “சாமி, கறுப்பு மெருகு எப்படிக் கெடும், எப்படித் தேறும் என்று கேட்டீர்களே, உடன் வாருங்கள், ஒரே பீரோவில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்” என்றார். அவர் கூறியது மிகையன்று.

பீரோவின் மேல்தட்டில் நான்கு வெள்ளை வளையங்கள் பதிந்திருந்தன. திருமணத்தன்று சுடுகாப்பித் தம்ளர்களை யாரோ அங்கே வைத்து மறந்ததன் விளைவு அது. வலக்கதவில் அலங்காரக் காகிதத்தைச் செல்லோடேப்பால் ஒட்டியிருக்கிறார்கள். பின்னர் டேப்பை உரித்தபோது மெருகும் அதனோடு உரிந்து வந்துவிட்டது. அதைச் சமன்செய்ய எண்ணிய ஓர் இளைஞர் உப்புத்தாளால் அழுத்தித் தேய்க்க, உள்ளங்கை அகலத்திற்குப் பழுப்பு மரம் வெளிப்பட்டது. இடக்கதவில் இருந்த சில கீறல்களை மறைப்பதற்காகக் கடையில் வாங்கிய கறுப்பு எனாமல் வர்ணம் தீற்றப்பட்டிருந்தது. இவை போதாவென்று, நீர் தேங்கிய அடிவிளிம்பில் மேல்தகடு ஒரு விரல் நீளத்திற்குப் பெயர்ந்து நின்றது.

“எங்க மாமனார் ரங்கூனுக்குக் கொண்டுவிக்கப் போன காலத்துலே வாங்கி, கப்பல்லே அனுப்பின பீரோ இது, சாமி. யுத்தத்துலே அவுக நடந்தே ஊர் வந்து சேந்தாக. கையிலே ஒண்ணும் இல்லை. முன்னாலேயே வந்துட்டதாலே இது மட்டும் மிஞ்சுச்சு. இப்ப மகன், இதைக் கடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கலாம்னு சொல்றான்” என்றார் ஆச்சி.

சென்னையிலிருந்து வந்திருந்த மகனும் அருகில் நின்றார். அவர் கல்நெஞ்சர் அல்லர். பழம்பொருள் வணிகர் ஒருவர் வந்து பார்த்து, கெட்டுப்போன பீரோ என்று சொற்ப விலை கூறிச் சென்றிருந்தார். “முழுவதையும் சுரண்டிவிட்டுப் புதுக் கறுப்பு அடித்தால் நல்ல விலை போகும் என்கிறார்கள், ஃபாதர். நாளைக்கே ஆள் வருகிறது” என்றார். ஆசாரியார் பதறி, “ஐயா, அந்த ஆளை வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். ஒரு வாரம் எனக்குக் கொடுங்கள்” என்று இரந்தார். அந்த ஒரு வாரம் ஒன்பது நாள்களாக நீண்டது. அவ்வப்போது சென்று பார்த்தும் கேட்டும் நாம் அறிந்தவற்றை வாசகர்களுக்குப் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறோம்.

கடல் கடந்து வந்த கறுப்பு

செட்டிநாட்டு வீடுகளில் பர்மாவின் சாயல் ஏன் இத்துணை ஆழமாகப் பதிந்துள்ளது என்பதை முதலில் நினைவுகூர்தல் நன்று. 1937ஆம் ஆண்டுவரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதியாகவே இருந்தது. நகரத்தார் அங்கே நெல் உழவர்க்குக் கடன் கொடுத்துத் தொழில் நடத்தினர். 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்விலை வீழ்ந்து கடன்கள் திரும்பாமற்போகவே, ஈடாக வைத்த நிலங்கள் அவர்கள் கைக்கு வந்தன. 1938 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அவர்களிடம் இருந்தது. அந்தச் செல்வத்தோடு பர்மாத் தேக்கும், மெருகிட்ட மரச்சாமான்களும், மரவை என்று நாம் வழங்கும் அரக்குச் சம்புடங்களும் கப்பலேறி வந்தன.

1941 டிசம்பரில் ரங்கூன்மீது குண்டுகள் விழுந்தன. 1942 மார்ச்சில் நகரம் ஜப்பானியர் வசமாயிற்று. ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர் என்றும், அவர்களுள் பல்லாயிரவர் மலைவழியில் பசியாலும் நோயாலும் மாண்டனர் என்றும் வரலாறு கூறுகிறது. நடந்து வந்தவர்களால் எதைத் தூக்கி வர முடியும்? பின்னர் 1948ஆம் ஆண்டின் நில நாட்டுடைமைச் சட்டமும், 1963, 64 ஆண்டுகளின் நாட்டுடைமை நடவடிக்கைகளும் எஞ்சியவற்றையும் எடுத்துக்கொண்டன. ஆகவே, போருக்கு முன் வந்து சேர்ந்த ஒரு பீரோ, ஆச்சியைப் போன்றவர்களுக்குத் தட்டுமுட்டுச் சாமான் அன்று. ஒரு தலைமுறை உழைத்ததற்குக் கண்ணால் காணக்கூடிய சாட்சி அது.

இத்தகைய பொருள்கள் இன்று நாளும் குறைந்து வருகின்றன. பாகப்பிரிவினையாலும் பராமரிப்பின்மையாலும் பெருவீடுகள் இடிக்கப்படுகையில், கதவும் தூணும் பீரோவும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளை அடைகின்றன. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. பட்டியலில் ஊரின் பெயர் இருப்பது பெருமையே. ஆயினும் வீட்டிற்குள் இருக்கும் பொருளைக் காக்க வேண்டியவர் வீட்டார்தாம்.

கறுப்பு ஒன்றல்ல, பல

ஆசாரியார் முதல் நாள் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. ஒரு நாற்காலியில் அமர்ந்து, சன்னல் வெளிச்சம் சாய்ந்து விழும் கோணத்தில் பீரோவை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “நோய் தெரியாமல் மருந்து கொடுக்கலாமா, சாமி? இது எந்தக் கறுப்பு என்று முதலில் தெரிய வேண்டும்” என்றார். அவர் விளக்கிய கறுப்பு வகைகள் ஐந்து.

முதலாவது, மரமே கறுப்பாக இருப்பது. கருங்காலியின் வைரம் இயற்கையிலேயே கறுப்பு. கீறினாலும் உள்ளே கறுப்பே தெரியும். ஆனால் கருங்காலியால் ஆளுயரப் பீரோ செய்வது அரிது. அண்மைக் காலத்தில் கருங்காலி மாலைக்கு ஏற்பட்ட மோகத்தில் சாயமேற்றிய சாதாரண மரமணிகள் விலைபோனதை வாசகர் அறிவர். மலிந்த மரத்தைக் கறுப்பாக்கிக் கருங்காலியாகக் காட்டும் ஆசை பழமையானது.

இரண்டாவது, பர்மிய அரக்கு. அங்கே காடுகளில் வளரும் தித்சி மரத்தைக் கீறினால் வடியும் பால், காற்றுப் பட்டதும் கறுக்கிறது. இது காய்வதற்கு வெயில் ஆகாது; ஈரக்காற்று வேண்டும். பாகன் நகரக் கைவினைஞர்கள் பூசிய பொருளை நிலவறையில் வைத்து இறுகச் செய்கின்றனர். இறுகியபின் அது எளிதில் எந்தத் திரவத்திலும் கரையாது. நம் வீடுகளின் மரவைகளில் மினுங்குவது இதுவே.

மூன்றாவது, நம் நாட்டு அரக்கு. பலாசு, இலந்தை, பூவம் ஆகிய மரங்களின் இளங்கிளைகளில் சாறு உறிஞ்சி வாழும் சின்னஞ்சிறு பூச்சி, தன் உடலைச் சுற்றி ஒரு பிசினைச் சுரக்கிறது. அதனை உருக்கி, மெல்லிய தகடாக இழுத்து நொறுக்கினால் கிடைப்பது அவலரக்கு. அதனை ஸ்பிரிட்டில் கரைத்து, கறுப்புச் சாயம் சேர்த்து, பஞ்சுப் பொட்டணத்தால் நூறு முறை தேய்த்து ஏற்றுவதே பிரெஞ்சு பாலிஷ் எனப்படுகிறது.

பூச்சி தருவதையும் மரம் தருவதையும் ‘அரக்கு’ என்ற ஒரே சொல்லால் நாம் குறிக்கிறோம். இதனால் விளையும் குழப்பம் சிறிதன்று. இவ்விரண்டின் குணமும் நேர் எதிரானவை: ஒன்று ஈரத்தை விரும்புவது, மற்றது ஈரத்திற்கு அஞ்சுவது. ஐரோப்பியரும் இதே குழப்பத்தில் உழன்றவர்களே. சீன, ஜப்பானியக் கறுப்பு மெருகைக் கண்டு மயங்கிய அவர்களுக்கு அந்த மரப்பால் கிட்டவில்லை. ஆதலால் இந்தியாவிலிருந்து சென்ற அவலரக்கைக் கொண்டு அதைப் போலச் செய்ய முயன்றனர். அம்முறைகளைக் கற்பிக்கும் நூல் ஒன்று 1688ஆம் ஆண்டிலேயே ஆக்ஸ்ஃபோர்டில் அச்சாயிற்று. 1924ஆம் ஆண்டில் பூச்சியரக்கை ஆராய ராஞ்சிக்கு அருகே நாம்குமில் ஒரு நிலையமும், மரப்பால் அரக்குக் கலையைக் கற்பிக்கப் பாகனில் ஒரு பள்ளியும் தொடங்கப்பட்டன.

நான்காவது, துப்பாக்கி கொண்டு தெளிக்கும் நைட்ரோசெல்லுலோஸ் மெருகு. 1920களில் மோட்டார் வண்டிகளுக்கென வந்த டூக்கோ என்னும் வணிகப்பெயரே நம்மூரில் இதற்குப் பொதுப்பெயராகிவிட்டது. ஐந்தாவது, இக்காலத்து மெலமைன், பாலியூரித்தேன் ஆகிய மெருகுகள். இவை கடினமானவை, நீருக்கு அஞ்சாதவை. ஆனால் அடிபட்டு உடைந்தால் அந்த இடத்தை மட்டும் கரைத்து ஒட்டுப்போட இடந்தராதவை.

ஒரு துளிச் சோதனை

இவ்வைந்தனுள் எது என்று அறிய வீட்டாரே செய்யத்தக்க எளிய சோதனை ஒன்று உண்டு. பீரோவின் பின்புறத்திலோ கதவின் உள்விளிம்பிலோ கண்ணுக்குப் படாத ஓரிடத்தைத் தேர்ந்து, ஸ்பிரிட்டில் நனைத்த சிறு பஞ்சை ஒரு நிமிடம் வைக்க வேண்டும். மெருகு பிசுபிசுத்துக் கறுப்பு பஞ்சில் ஏறினால் அது அவலரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு மட்டும் இளகினால் டூக்கோ. இரண்டுக்கும் அசையாவிடில் பர்மிய அரக்காகவோ புதுக்காலத்து மெருகாகவோ இருத்தல் கூடும். பொருளின் வயதே எது என்பதைச் சொல்லிவிடும்.

ஆச்சியின் பீரோவில் பஞ்சு வைத்த இடம் சில நொடிகளில் இளகியது. “அவலரக்குதான். பிழைத்தோம்” என்றார் ஆசாரியார். காரணம் யாதெனில், அவலரக்கு எத்தனை ஆண்டு கடந்தாலும் ஸ்பிரிட் பட்டால் மீண்டும் கரையும். எனவே புதிதாகப் பூசுவது பழையதோடு உருகி ஒன்றாகிவிடும். வேற்றின மெருகைப் பூசினால் அது மேலே தனித்து நின்று, ஒருநாள் பொருக்காக உரியும்.

முழுவதையும் சுரண்டலாகாது என்று அவர் பதறியதற்கும் காரணம் உண்டு. வெனீர் என்று ஆசாரிமார் கூறும் அந்த மேல்தகடு, அக்காலத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் கனம் இருந்தாலே அதிகம். இக்காலத் தகடு அரை மில்லிமீட்டரும் இராது. மின்விசையால் சுழலும் தேய்ப்பு இயந்திரம் ஒரு நிமிடத்தில் அதனைத் தின்று அடிமரத்தைக் காட்டிவிடும். மெருகு போனால் திரும்பப் பூசலாம். தகடு போனால் பீரோவின் முகமே போயிற்று. மேலும், பழைய மெருகோடு இருக்கும் பொருளுக்கே மதிப்பு அறிந்தவர் அதிக விலை கொடுப்பர். சுரண்டிப் புதுக்கறுப்பு அடித்தால் நல்ல விலை போகும் என்று மகனுக்குச் சொன்னவர், அவருடைய நலம் நாடியவர் அல்லர் என்றே நாம் எண்ணினோம்.

காயத்திற்கேற்ற மருந்து

வெள்ளை வளையங்கள் முதலில் தீர்ந்தன. அவலரக்கின் மெல்லிய படலத்துள் ஈரம் சிக்கிக்கொள்வதே அந்த வெண்மை, அது கறையன்று. மூன்று நாள் காற்றோட்டத்தில் விட்டதில் இரண்டு வளையங்கள் தாமே மங்கின. எஞ்சியவற்றின்மீது, ஸ்பிரிட் பட்டும் படாமலும் நனைத்துப் பிழிந்த பொட்டணத்தை ஆசாரியார் பறவையின் சிறகு தொடுவதுபோல் ஓட்டினார். சிக்கிய ஈரம் வெளியேற, கறுப்பு மீண்டது. பொட்டணம் ஒரு நொடி நின்றாலும் மெருகு அதனோடு ஒட்டிப் பெயர்ந்துவிடும் என்றும், பழக்கமில்லாதவர்கள் சலித்த மென்சாம்பலைச் சில துளி எண்ணெயில் குழைத்து விரலால் மெல்லத் தேய்ப்பதே போதும் என்றும் எச்சரித்தார்.

அடுத்து எனாமல். இங்கே அவர் செய்த உபாயம் நம்மை வியக்கவைத்தது. எனாமல் எண்ணெய் வர்ணம். பூசிப் பத்து நாளே ஆகியிருந்தமையால் உள்ளே முற்றும் இறுகவில்லை. டர்ப்பன்டைன் எனாமலை இளக்கும், அவலரக்கையோ தொடாது. எனவே டர்ப்பன்டைனில் நனைத்த துணியைச் சிறிது நேரம் போர்த்தி, முனை மழுங்கிய மரச்சீவலால் எனாமலை மட்டும் வழித்தெடுத்தார். இரண்டு பிற்பகல்கள் பிடித்தன. அடியில் பழைய மெருகு, கீறல்களோடு, அப்படியே இருந்தது. ஸ்பிரிட்டையோ தின்னரையோ ஊற்றியிருந்தால் இரண்டும் ஒருசேரக் குழைந்து போயிருக்கும்.

மேலோட்டமான கீறல்களுக்குத் தேன்மெழுகை டர்ப்பன்டைனில் இளக்கி, விளக்குக்கரி சேர்த்த கறுப்பு மெழுகு போதுமானதாயிற்று. ஆழ்ந்த இரண்டு கீறல்களை, கறுப்புச் சாயம் கலந்த அவலரக்குக் கரைசலை மெல்லிய தூரிகையால் சொட்டுச் சொட்டாக நிரப்பி, ஒவ்வொரு முறையும் காயவிட்டு, பின்னர் மிக நுண்ணிய உப்புத்தாளை எண்ணெயில் நனைத்துச் சமன்செய்தார்.

பெயர்ந்த தகடு அடுத்த வேலை. பழங்காலத்தில் தகட்டை ஒட்டியது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் வச்சிரம். அது நீருக்கும் சூட்டுக்கும் இளகும். அடிவிளிம்பில் தேங்கிய நீர் அதை இளக்கியதாலேயே தகடு பெயர்ந்தது. மீண்டும் ஒட்டுவதற்கும் அதே குணம் உதவிற்று. இடுக்கில் சேர்ந்த தூசியை நீக்கி, வெந்நீரில் கரைத்த வச்சிரத்தைச் செலுத்தி, மெழுகுதாள் வைத்து, மரத்துண்டால் இறுக்கிக் கட்டினார். இக்காலத்து வெள்ளைப் பசை பிடிக்காதா என்று மகன் கேட்டார். பிடிக்கும், ஆனால் நாளை மீண்டும் பிரித்துச் சரிசெய்ய வேண்டி வந்தால் விடாது என்பது ஆசாரியாரின் மறுமொழி. ஒரு கீற்றளவு தகடு தொலைந்துபோன இடத்தில், அரக்கையும் கரியையும் உருக்கிச் செய்த கறுப்புக் குச்சியைச் சூடான கத்தியால் உருக்கி நிரப்பினார். தபால் நிலையத்தில் முத்திரையிடும் அரக்கின் உடன்பிறப்பே அது.

கடுக்காயும் அன்னபேதியும்

கடினமானது உப்புத்தாள் தேய்த்த வலக்கதவு. அங்கே மெருகும் சாயமும் முற்றாக அகன்று மரம் வெளிறியிருந்தது. அதன்மேல் வெறும் கறுப்பு மெருகைப் பூசினால் திட்டாகத் தெரியும். மரமே கறுக்க வேண்டும். இதற்காக ஆசாரியார் நாட்டு மருந்துக் கடைக்கு ஆள் அனுப்பி இரண்டு பொருள்கள் வாங்கிவரச் செய்தார்: கடுக்காய், அன்னபேதி.

கடுக்காயில் துவர்ப்புப் பொருள் மிகுதி. அன்னபேதி என்பது இரும்பின் உப்பு. துவர்ப்பும் இரும்பும் கூடினால் ஆழ்ந்த கறுப்புப் பிறக்கும். நம் முன்னோர் காகிதத்தில் எழுத மை கூட்டியதும், துணிக்குக் கறுப்பேற்றியதும் இவற்றாலேயே. வாழைக்காய் அரிந்த இரும்புக் கத்தி கறுப்பதும் இதே காரணத்தால்தான். கடுக்காய்க் கஷாயத்தைத் தூரிகையால் மெல்லத் தொட்டு, அது உலர்ந்தபின் ஒரு தம்ளர் நீரில் ஒரு சிட்டிகை அன்னபேதி கலந்த நீரை அவர் தடவினார். நம் கண்ணெதிரே பழுப்பு மரம் சாம்பல் நிறமாகி, சாம்பல் நிறம் கறுப்பாயிற்று. நீர் மிகுந்தால் வச்சிரம் இளகும், அன்னபேதி மிகுந்தால் மரத்தின் இழையே நாளடைவில் நலியும். ஆகையால் இரண்டையும் சிக்கனமாகவே கையாண்டார்.

அதன்மேல் அவலரக்கு. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 முதல் 200 கிராம் வரை அவலரக்கு என்பது அவர் கணக்கு. கரைத்து ஆறு மாதம் கடந்த கரைசல் சரியாக உலராது என்பதால் அன்றன்றைக்கு வேண்டியதையே கலந்தார். அவலரக்கு தன் இயல்பில் சற்றே செம்பழுப்பு. எனவே கறுப்பும் பழுப்படித்துத் தோன்றும். அதை ஈடுசெய்யக் கறுப்புச் சாயத்தோடு ஊசிமுனையளவு நீலச் சாயமும் சேர்த்தார். பொட்டணம் எட்டு என்னும் எண்ணின் வடிவில் சுழன்று சுழன்று சென்றது. ஒரு நாளைக்குச் சில படலங்கள். பின்னர் இரவு முழுவதும் ஓய்வு.

இவ்வேலைக்குத் தையும் மாசியும் ஏற்றவை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாலிஷ் போட்டால், காற்றின் ஈரம் உலரும் படலத்தில் சிக்கி மெருகு முழுவதும் பால்போல் வெளுத்துவிடும்.

எச்சரிக்கை தேவை

ஸ்பிரிட் தீப்பற்றும் பொருள். விளக்கு, அடுப்பு, ஊதுவத்தி ஆகியவை இருக்கும் அறையில் அதைத் திறக்கலாகாது. தொழிற்சாலை ஸ்பிரிட்டில் மெத்தனால் கலந்திருக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததை நாம் மறக்கவில்லை. குடிநீர்ப் போத்தலில் அதை ஊற்றி வைப்பது குழந்தைகளுக்கு எமனாக முடியும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் தானே சூடேறித் தீப்பிடிப்பதுண்டு; நீரில் நனைத்து, விரித்துக் காயவைத்தே அப்புறப்படுத்த வேண்டும்.

ஆசாரியாரின் இருமலையும் நாம் கவனித்தோம். இந்தப் பொட்டண வேலை ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ வருவதாகவும், மற்ற நாள்களில் புதுவீட்டு அலமாரிகளுக்கு மூடிய அறையில் மெருகு தெளித்தே பிழைப்பதாகவும் கூறினார். மூக்கிற்குக் கைக்குட்டை கட்டிக்கொள்வாராம். கைக்குட்டை தூசியை வேண்டுமானால் ஓரளவு தடுக்கும். தின்னரின் ஆவியையோ பாலியூரித்தேனின் நச்சையோ தடுக்காது. அவற்றுக்கென்றே வடிகட்டியோடு கூடிய முகமூடி விற்கப்படுகிறது. வேலைக்கு அமர்த்துவோர் கூலியோடு இதையும் வாங்கித் தருவது கடமை என்பது நம் துணிபு. அவருடைய மகன் வாடகைக் கார் ஓட்டுகிறார். “பாலிஷ் கற்றுக்கொள் என்று நான் எப்படிச் சொல்வேன், சாமி?” என்று அவர் கேட்டபோது நம்மிடம் விடை இல்லை.

ஒன்பதாம் நாள்

ஒன்பதாம் நாள் மாலையில் நாம் சென்றபோது பீரோ துடைக்கப்பட்டு நின்றது. மேல்தட்டில் உத்தரத்தின் நிழல் தெரிந்தது. அடிவிளிம்பில் ஒட்டுப்போட்ட இடத்தைத் தேடியே கண்டோம். ஆயினும் வலக்கதவில், சன்னல் வெளிச்சம் சாய்ந்து விழுகையில், உள்ளங்கை அகலத்தில் ஒரு மெல்லிய பள்ளம் தெரியவே செய்தது. உப்புத்தாள் தின்ற தகடு எந்த மருந்துக்கும் திரும்பி வராதது. ஆசாரியார் அதை மறைக்க முயலவில்லை. ஆச்சியிடம் தாமே விரலால் சுட்டிக் காட்டினார்.

“இதுக்கு மேல போனா தகடு தாங்காது ஆச்சி. இப்படியே இருக்கட்டும்.”

ஆச்சி கதவின்மீது கையை வைத்துச் சற்று நேரம் தடவினார். “பேத்தி கல்யாணத்துலே பட்டதுதானே. இருந்துட்டுப் போகுது, ஆசாரி” என்றார்.

மகன் ஒன்றும் கூறவில்லை. பழம்பொருள் வணிகருக்குத் தொலைபேசியில் அவர் என்ன சொன்னார் என்பதை நாம் அறியோம். ஆனால் பீரோ பட்டாசாலையிலேயே நிற்கிறது.

கறுப்பு மெருகிட்ட பழம்பொருள் வீட்டில் உடையோருக்குச் சில சொற்கள். வாரம் ஒருமுறை உலர்ந்த மென்துணியால் துடைத்தால் போதும்; ஈரத்துணியும் சோப்புநீரும் வேண்டா. பளபளப்புக்காகத் தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ தடவினால் தூசி படிந்து பிசுக்காகும். வெயில் நேரே விழும் சன்னலருகில் வைத்தால் சாயக்கறுப்பு நாளடைவில் பழுப்பேறும், மெருகு முதலைத் தோல்போல் வெடிக்கும். டேப் எதையும் ஒட்டாதீர்கள். மரவைகள் இருந்தால் தூசி தட்டுவதோடு நிறுத்துங்கள். அவற்றின் பழுது அதே மரப்பாலைக் கையாளத் தெரிந்தவர்களின் வேலை. மெருகு கெட்டுவிட்டால் அன்றே உப்புத்தாளைத் தேடாதீர்கள். கெட்டதைவிட, கெட்டதை மறைக்க அவசரத்தில் செய்ததே ஆச்சியின் பீரோவுக்குப் பெருங்கேடாயிற்று. நான்கு நாள் பொறுத்து, எந்த மெருகு என்று சோதித்து, அதன் இனத்தாலேயே ஆற்றத் தெரிந்தவரை அழையுங்கள். அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசிக் குறைக்காதீர்கள். அத்தகையோர் இப்பகுதியில் இன்னும் எத்தனை பேர் எஞ்சியிருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

விடைபெறுமுன் ஆச்சி நமக்குக் காப்பி கொண்டுவரச் செய்தார். பேச்சின் சுவாரசியத்தில் தம்ளரைப் பீரோவின் மேல்தட்டில் வைக்கப் போனோம். ஆச்சி ஒன்றும் சொல்லாமல், மடித்த துணி ஒன்றை எடுத்து அதன் அடியில் விரித்தார்.